இருபத்துநாலாவது டிராக்

இன்றைக்கு நாலரை மணிக்குள் சென்னையில் ஒருவன் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறான், அதைப் போனில் கேட்டுப் பொன்மலையில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், இது சத்தியம். ஆனால் இப்போது மணி இரண்டே முக்கால்தான், சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது, அதற்கு முன்னால் இருபத்துமூன்று டிராக்குகளை ஒவ்வொன்றாகப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எடுத்தாக வேண்டும் என்று ஜெனிட்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையும் சும்மா சொல்லிக்கொள்ளவில்லை. ஜங்ஷன் அறிவிப்புப் பெண்ணின் குரலில், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு: பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி எண் பூஜ்யம் ஏழு, ரிதம் கிட்டார் இடது, இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடையிலிருந்து புறப்படும். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. பதினேழு வயதில் இப்படித் தன்னந்தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் மந்திரிக்கத்தான் கூட்டிப் போவார்கள் என்பது அம்மா லூர்துவின் கருத்து, அந்த அம்மா இப்போது கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்தில் இருக்கிறாள், ஐந்துக்கு முன் வரமாட்டாள், நல்லது. ஏழு முடிந்தது, எட்டு. ஆன்டோ அண்ணன் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது ஓசியில் கிடைத்த ஒரு சாஃப்ட்வேர், சென்னையில் அவன் வேலை பார்க்கிற ஸ்டுடியோவில் இருப்பது வேறு, இங்கே கட்டிய பாட்டை அப்படியே கொண்டுபோய் அங்கே வைத்தால் அது திறக்கவே திறக்காது. அதனால் பாட்டை மொத்தமாகக் கலைத்து, கிட்டாரைக் கிட்டாராக, கீபோர்டைக் கீபோர்டாக, அவள் குரலை அவள் குரலாக, தனித்தனிக் கோப்பாக அனுப்பிவிட்டால் அவன் அங்கே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்வான். நாலிலிருந்து ஐந்துவரை ஸ்டுடியோவின் சின்ன ரூம் காலி, முதலாளி போனால் போகிறதென்று விட்டிருக்கிறார். வாட்ஸப்பில் அவன் அனுப்பிய கட்டளை மொத்தமே பத்து வினாடி. “எல்லாம் பூஜ்யத்திலேர்ந்து ஆரம்பிக்கணும். எஃபெக்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடு. பேர் போட்டு அனுப்பு.” அவ்வளவுதான். முன்பெல்லாம் அவன் வாயைத் திறந்தால் பாதி கிண்டலாக வரும். எட்டு மாதமாக அவன் பேச்சே இப்படித்தான், எஃபெக்ட் எல்லாம் ஆஃப் பண்ணின மாதிரி.

பத்து, பதினொன்று, பேஸ் கிட்டார், அது டைட்டஸ் அண்ணன் வாசித்தது, வாசிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டே வாசிப்பார், கோப்புக்குள் அந்த நாக்கும் எங்கேயோ இருக்கும். பன்னிரண்டு டாம்பரின், அதுவும் டைட்டஸ் அண்ணன்தான். டாம்பரின் இரண்டாவது கோரஸில்தான் வருகிறது, பதினெட்டே வினாடி, அதை மட்டும் மவுஸால் இழுத்து அடையாளம் வைத்து ஏற்றுமதி செய்தாள், சட்டென்று முடிந்துவிட்டது, ஆஹா, இப்படியே எல்லாம் முடிந்தால் மூன்றேகாலுக்குக் காப்பி போடலாம் என்று பதிமூன்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. பதினெட்டு வினாடிக் கோப்பை அவன் அங்கே பூஜ்யத்தில் வைத்தால் என்ன ஆகும், பாட்டு தொடங்கியதுமே ஜல்ஜல்லென்று டைட்டஸ் அண்ணன் முன்னால் வந்து நிற்பார், பெண் பார்க்க வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இது அந்தச் சிரிப்பில்லை, இது கணக்கில் சேராது. பழையபடி முழு நீளத்தையும் இழுத்தாள். ஒன்றரை நிமிஷம் டாம்பரின் சும்மா இருப்பதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும், சும்மா இருந்ததை வெட்டி எறிந்தால் அப்புறம் அடித்த அடி எந்த இடத்து அடி என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். அட, இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது, உடனே பிரசங்கம் வைக்கும் பங்குச் சாமியாரின் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், பிரியமானவர்களே, சும்மா இருந்ததையும் சேர்த்து அனுப்புங்கள். ஹாலில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்து உருண்டது. அப்பா. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா சூசைராஜ் சனிக்கிழமை லீவில் டேபிள் ஃபேனைப் பிரித்துத் தினத்தாள் மேல் பரப்பி உட்கார்ந்திருக்கிறார், ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷமாக வேகனைப் பிரித்து மாட்டுகிற மனுஷர், வீட்டில் பிரிப்பதற்கு ஃபேன்தான் இருக்கிறது. முன்பு இந்த அறையில் ரெக்கார்டிங் நடக்கும்போது, ஜன்னலுக்கு ஜமுக்காளம் மாட்டி, அம்மாவைக் குக்கர் வைக்காதே என்று கெஞ்சி, தெரு நாய்க்கு பிஸ்கட் போட்டு நகர்த்தி, எல்லாம் அமைதியாகி அவள் முதல் வரியைத் தொடங்கும்போது சரியாக அப்பா கதவைத் திறப்பார். “டேய், மோட்டர் ஓடுதா பாரு.” போச்சு, அந்த டேக் போச்சு. அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வான், அப்பா, சிவப்பு லைட் போட்டிருக்கேன்ல என்பான், அது ஒரு சீரியல் பல்பு, அப்பா அதைப் பார்த்து, “கிறிஸ்மஸ் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, இன்னும் எதுக்குடா இது?” என்று அணைத்துவிட்டுப் போவார். அப்புறம் இரண்டு பேரும் தரையில் புரண்டு சிரிப்பார்கள். ஜெனிட்டாவுக்கு யார் குரலும் வரும், டியூஷன் சார் வருவார், பால்காரர் வருவார், அடுத்த குவார்ட்டர்ஸ் மெர்சி அக்கா போனில் ஒரு மாதிரியும் புருஷனிடம் ஒரு மாதிரியும் பேசுவது இரண்டும் வரும், அண்ணனே வருவான். அப்பா மட்டும் வரமாட்டார். எத்தனை நாள் முயன்றாலும் பொம்பளைப் பிள்ளை தாடி ஒட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். “ஊர்ல எல்லாரும் வர்றாங்க, அப்பா மட்டும் சிக்கலை. உனக்கு அடித்தொண்டையே இல்லடி,” என்று ஆன்டோ தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஒரே ஒரு தடவைதான் வந்தது. அந்த ஒரு தடவை. பதினாலு, பின்னணிக் குரல் மேல். பதினைந்து, பின்னணிக் குரல் கீழ். அதை இப்போது நினைக்க வேண்டாம், இன்றைக்குச் சிரிக்கிற நாள்.

சிரிப்பு எங்கே இருக்கிறதென்றால் இருபத்துநாலில் இருக்கிறது. அண்ணன் கணக்கில் இருபத்துமூன்றுதான், இருபத்துநாலாவது அவள் நேற்றுச் செய்தது. பாட்டில் இரண்டு நிமிஷம் பதினாலு வினாடியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும், ஒரு மூச்சு இழுக்கிற நேரம், அப்புறம் கடைசிக் கோரஸ் பாதி மட்டும் திபுதிபுவென்று இறங்கும். அந்த ஒரு மூச்சுக்குள் அப்பா வந்து நிற்க வேண்டும், அதுதான் திட்டம். அதற்காக நேற்றுச் சாயங்காலம் துணி அலமாரிக்குள் கால்மடக்கி உட்கார்ந்து, ஒரு காதில் பாட்டை ஓடவிட்டு, செல்போனில் ரெக்கார்டரை அமுக்கி, இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி அசையாமல் இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததில்லை. நாப்தலின் வாசனை, அம்மாவின் பட்டுப்புடவைச் சரிகை கழுத்தில் குத்துகிறது, இந்தா வந்துவிட்டது இடம், அடிவயிற்றிலிருந்து தொண்டையை இறக்கி: “டேய், சாப்பிட்டியா, இல்ல அதையும் ரெக்கார்டு பண்ணிட்டுத்தான் சாப்பிடுவியா?” பிறகு பாட்டு முடிகிறவரைக்கும் மறுபடி மௌனம். கேட்டுப் பார்த்தாள், எப்போதும்போல் தாடி ஒட்டின பெண்தான், ஆனால் அதுவே போதும், அந்தக் கோணல்தான் அவனுக்குச் சிரிப்பு. சாஃப்ட்வேருக்குள்ளெல்லாம் கொண்டுபோகவில்லை, செல்போன் கோப்பை அப்படியே மற்றதோடு போட்டு, இருபத்துநாலு டாம்பரின் இரண்டு என்று பெயர் வைத்துவிட்டாள். டாம்பரினை யார் சந்தேகப்படுவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மும்முரமாக உட்கார்ந்திருக்கும்போது பிடரியில் அப்பா. அவன் துள்ளுவான், அப்புறம் கண்டுபிடிப்பான், அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு, மூக்கால் உறிஞ்சி உறிஞ்சிச் சிரிப்பானே, அது. அதைக் கேட்டு எட்டு மாதம் ஆயிற்று. அது மட்டும் ஒருதடவை வந்துவிட்டால் அந்த விஷயத்தைக் கேட்டுவிடலாம். அன்றைக்கு உன் காதில் ஏதாவது விழுந்ததா அண்ணே என்று. சாதாரணமாக. போகிறபோக்கில்.

பதினெட்டு. இல்லை, விழுந்திருக்காது. வாசலுக்கும் கொல்லைப்பக்கத்துக்கும் நடுவில் ஹால் இருக்கிறது, அடுப்படி இருக்கிறது. ஆனால் கதவெல்லாம் திறந்துதான் கிடந்தது. அவன் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு, ரயில்வே வேலை வேண்டாம், ஸ்டுடியோவில் ஒயர் சுற்றக் கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்றான், மூன்று நாள் வீட்டில் சண்டை, நாலாவது நாள் சண்டைகூட இல்லை, அது இன்னும் மோசம். அவன் அறைக்குள் ஜமுக்காளத்தைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். அப்பா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், அதை அவன் பார்க்கவில்லை. அம்மா கொல்லையில் கீரை ஆய்கிறேன் என்று அழுதுகொண்டிருந்தாள். ஜெனிட்டா நீலத் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுப் படுக்கவைத்து, தலையை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவின் விசும்பல் உள்ளே வந்து சுற்றிச் சுற்றிக் கேட்டது, தாங்க முடியவில்லை, எப்படியாவது அம்மாவைச் சிரிக்கவைக்க வேண்டும், அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னாள். “லூர்து, கதவைச் சாத்து. போறவன் போகட்டும்.” வந்துவிட்டது. டிரம்முக்குள் அப்பா முழுசாக வந்துவிட்டார், அடித்தொண்டை, கரகரப்பு, கோபம், எல்லாம். அம்மா வெலவெலத்துப் போய்த் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை, டிரம்முக்கு வெளியே மகளின் இரண்டு கால்தான், அப்புறம் கண்ணீரோடு சிரித்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு முன்பக்கம் வந்தால் வாசலில் பை இல்லை, கிட்டார் இல்லை, அவன் செருப்பு இல்லை. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து அப்பா ஒரு காலை வெளியே வைத்து, “எங்க அவன், வரச் சொல்லு, வெயிட்டிங்ல நிக்குது,” என்றார். அம்மா செருப்பு இல்லாத வாசலைக் காட்டினாள். “சொல்லிக்கக்கூட இல்லையா?” என்றார். அன்றிலிருந்து அவர் அவனிடம் பேசவில்லை, அவன் அவரிடம் பேசவில்லை, அம்மாவுக்குப் போன் செய்வான், இவளுக்குச் செய்வான், அப்பா நல்லாருக்காரா என்று ஒருநாளும் கேட்டதில்லை, அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுவான், அதனால் அந்த ஆட்டோவைப் பற்றி யாரும் அவனிடம் சொன்னதே இல்லை. சும்மா சீக்கிரம் கிளம்பியிருப்பான், ஒரு வேகத்தில். அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்லி எதற்குக் கெடுத்துக்கொள்வது. கேட்டிருந்தான் என்றால். கேட்டிருந்தான் என்றால் வீட்டை இரண்டாக்கியது அவர்கள் இல்லை, இவள். பத்தொன்பது, இருபது.

மூன்று ஐம்பதுக்கு எல்லாம் மேலேறி முடிந்தது. அனுப்பியாயிற்று என்று தட்டினாள், ஓகே என்று வந்தது. நாலு. நாலு ஐந்து. இப்போது இறக்கிக்கொண்டிருப்பான், இப்போது அடுக்குவான். ஹாலில் அப்பா இருமினார். இருமலைக் கேட்டதும்தான் அவளுக்கு அது தோன்றியது. இது வரை ஏன் தோன்றவில்லை, அவன் ஒருவேளை அதைக் கேட்டிருந்தால், கதவைச் சாத்தச் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தால், எட்டு மாதம் கழித்துக் காதுக்குள் மறுபடி அந்தக் குரலை வைத்து விளையாடினால் அவன் சிரிப்பானா, புண்ணில் விரலை விடுவதல்லவா அது. அழித்துவிடலாம். இருபத்துநாலை மட்டும் அழித்துவிடு, தப்பாக வந்துவிட்டது என்று செய்தி அனுப்பலாம். அனுப்பினால் முதலில் அதைத்தான் திறந்து கேட்பான், அவளும் அப்படித்தான் செய்வாள், ஒரே ரத்தம். விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, என்று தொடங்கினாள், அறிவிப்புப் பெண் வரவில்லை. டியூஷன் சாரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவரும் வரவில்லை. நாலு இருபதுக்குப் போன் அடித்தது.

“ஜெனி.” சிரிப்பு இல்லை. “சொல்லுண்ணே.” “எல்லாம் கரெக்டா உக்காந்துருச்சு. நல்லாப் பண்ணிருக்க.” “ம்.” “புதுசா டாம்பரின் ரெண்டு அனுப்பிருக்கியே, அதை எடுக்குறப்ப அப்பா எப்ப ரூமுக்குள்ள வந்தாரு?” என்றான். அவளுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் துள்ளியது, மாட்டிக்கொண்டான், நிஜமென்றே நம்பிவிட்டான், தாடி ஒட்டின பெண்ணையே நம்பிவிட்டான், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், அவன் என்னமோ மெதுவாகப் பேசிக்கொண்டே போனான். “கோரஸ் எல்லாம் முடிஞ்சு கிட்டார் மட்டும் தேயுற இடத்துல கேக்குது. தூரத்திலேர்ந்து பேசுறாரா? குரல் ரொம்பக் கனத்துப் போச்சேடி. உடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?” கிட்டார் தேயுற இடமா. அவள் வைத்தது நின்றுபோகிற இடத்தில் அல்லவா, பன்னிரண்டு வினாடி முன்னால். பன்னிரண்டு வினாடி தள்ளி எப்படிப் போனது, குரல் எப்படிக் கனத்தது, கையை வாயிலிருந்து எடுத்தாள், புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு வினாடிச் சத்தத்தை நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டாக நறுக்கி வைத்துக்கொள்ளும், செல்போன் நாற்பத்தெட்டாயிரமாக நறுக்கும், அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தது, இரண்டையும் கலக்காதே என்று. நாற்பத்தெட்டை அவன் அங்கே நாற்பத்து நாலின் வேகத்தில் ஓட விட்டிருக்கிறான், எல்லாம் மெதுவாகி, இழுபட்டு, இறங்கிப் போய், அவளிடம் இல்லாத அடித்தொண்டை தானாக முளைத்துவிட்டது. “அதே குரல்டி,” என்றான் ஆன்டோ. “அன்னைக்குக் கதவைச் சாத்துன்னு சொன்னாரே, அதே குரல். நான் செருப்பு மாட்டிட்டு இருந்தேன். எட்டு மாசமா அது காதை விட்டுப் போகவே இல்ல. இப்ப அதே குரல் சாப்பிட்டியான்னு கேக்குது.” அவன் மூக்கை உறிஞ்சினான், சிரிக்கும்போது உறிஞ்சுகிற மாதிரி இல்லை. “அப்பாகிட்ட குடு. நானே பேசுறேன்.”

கேட்டிருக்கிறான். செருப்பு மாட்டிக்கொண்டு, குனிந்தபடி, கேட்டிருக்கிறான். ஜெனிட்டா சுவரோடு ஒட்டி நின்றாள். இப்படியே விட்டுவிட்டால் என்ன. எல்லாம் தானாகச் சரியாகிவிடும்போல இருக்கிறது, அவன் பேசுவான், அவர் பேசுவார், அவன் அந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அவர் நான் எப்படா கேட்டேன் என்பார், அதோடு போச்சு. இல்லையென்றால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் டிரம்முக்குள் தலையை விட்டு அவளே அப்பாவாகப் பேசிவிடலாம், அழகாகப் பேசுவாள், அப்பாவைவிட நன்றாகவே மன்னிப்பாள். சீ. கதவைச் சாத்தச் சொன்னவர் என்றைக்குமே கதவைச் சாத்தச் சொன்னவராகத்தான் இருப்பார், சாப்பிட்டியா என்று கேட்டதால் மன்னிக்கப்பட்டவர், அவ்வளவுதான், அப்பா கூட்டி வந்த அந்த ஆட்டோ அவன் மனசில் எங்கேயுமே வராது. இல்லாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு. “அண்ணே,” என்றாள், “அந்த ஃபைல் எத்தனைல இருக்குன்னு பாரு.” “எந்த ஃபைல்?” “அப்பா இருக்காரே, அது. இருபத்துநாலு.” “இப்ப எதுக்குடி அது?” “பாருண்ணே, ப்ளீஸ்.” கிளிக் சத்தம். “நாப்பத்தெட்டு,” என்றான். பிறகு, “நாப்பத்தெட்டா?” என்றான். “அதை அதோட வேகத்துல ஓட விட்டுக் கேளு.” இன்னும் இரண்டு கிளிக். அங்கே ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது, டேய் சாப்பிட்டியா, மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமாகப் பேசப் பார்க்கிற ஒரு பெண் பிள்ளை.

“நீயா?” “நான்தான். அலமாரிக்குள்ள உக்காந்து. உன்னைச் சிரிக்க வைக்கலாம்னு.” அவன் சிரிக்கவில்லை. “அப்ப அவரு கேக்கலையா,” என்றான், அந்தக் குரல் அப்படியே தரைக்குப் போனது, அவள் ஓடிப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னாள், “கதவைச் சாத்தவும் சொல்லலண்ணே.” “என்னடி உளர்ற, என் காதால கேட்டேன்.” “அப்பா அப்ப வீட்லயே இல்ல. உனக்கு ஆட்டோ கூட்டிட்டு வரப் போயிருந்தாரு. ஆட்டோல வந்து இறங்கி உன்னைத் தேடினாரு. நான் கொல்லைல டிரம் கழுவிட்டு இருந்தேன், அம்மா அழுதுட்டு இருந்துச்சு, நான் சும்மா டிரம்முக்குள்ள தலையை விட்டு அப்பா மாதிரி…” யார் குரலில் பேசுகிறாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை, கீச்சென்று, எங்கேயோ உடைந்து, மூக்கடைத்து, இதுவரை அவள் யாரிடமும் கேட்டிராத ஒரு குரல். அறைக்கதவு திறந்தது. அப்பா, எப்போதும்போலத் தட்டாமல், கையில் ஃபேன் றெக்கையோடு. “யாரு, அவனா ஃபோன்ல?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் போனைப் பார்த்தார், றெக்கையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். “குட்டி ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எங்க வச்சுட்டுப் போனான்னு கேளு,” என்றார், சற்று உரக்க, சென்னைக்கே கேட்கிற மாதிரி. கனமும் இல்லை, கரகரப்பும் இல்லை, லேசாக மேலே ஏறுகிற, கொஞ்சம் பயந்த, சன்னமான குரல். இத்தனை நாள் பிடிக்க முயன்றும் இது எப்படிக் காதில் படாமல் போனது என்று அவள் நினைப்பதற்குள் போனில் ஆன்டோ மூச்சை இழுத்தான், இழுத்தது பாதியில் நின்றது, நின்ற இடத்திலிருந்து மூக்கு வழியாக ஒரு உறிஞ்சல், இன்னொரு உறிஞ்சல், “ஜெனி,” என்றான், அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத இடத்திலிருந்து மெல்லச் சிரிப்பின் பக்கம் சாய்ந்துகொண்டே, “அப்ப டிரம்முக்குள்ளேர்ந்தா நான் இவ்ளோ நாள்…”